ட்ரிட்டியத்தைக் காணாத கைகர் குழாயும், கதிரியக்கம் இருக்கும் இடத்தைப் படமாக்கும் வாயுவும்

மதுரையில் ஆய்வு செய்துவரும் மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய மருந்து ஒன்று எலியின் மூளையில் எங்கெங்கே ஒட்டுகிறது என்று சீவல்களில் பார்ப்பது என் வேலை. வேலை முடிந்ததும் மேசைமீது கைகர் கருவியை வைத்துப் பார்த்தேன். அது ஒன்றும் காட்டவில்லை. ஆனால் மேசையைத் தாளால் துடைத்து அந்தத் தாளை அளக்கும் துடைப்புச் சோதனையில் கதிரியக்கம் இருப்பது தெரிந்தது. கருவி பழுதா? வாயு நிரப்பிய கருவிகளாலேயே கதிரியக்கத்தைப் படமாக எடுக்கலாம் என்றும் சொல்கிறார்கள். அது எப்படி முடிகிறது? முடியுமென்றால் மருத்துவமனைகளில் ஏன் படிகம் வைத்த கேமராக்களையே பார்க்கிறோம்?"

உங்கள் கருவி பழுதாகவில்லை. கைகர் குழாயால் ட்ரிட்டியத்தைக் காண முடியாது. இதை முதலில் அழுத்திச் சொல்கிறேன். இது தெரியாததால் வந்த சிக்கலை நேரில் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வகத்தில், பாஸ்பரஸ்-32 கையாண்டு பழகிய ஒருவர் ட்ரிட்டியத்துக்கு மாறியபோதும் அதே கைகர் கருவியை நம்பி, "மேசை சுத்தம்" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு நாள் துடைப்புத் தாள்களை, கதிரியக்கத்தை ஒளித்துடிப்புகளாக எண்ணும் திரவ ஒளிர்வு எண்ணியில் போட்டுப் பார்த்தபோது மேசை, குளிர்பெட்டியின் கைப்பிடி, தொலைபேசி என்று எங்கும் ட்ரிட்டியம் இருந்தது. அங்கே வேலை செய்த அனைவருடைய சிறுநீரையும் சோதிக்க வேண்டியதாயிற்று. அளவு பயப்படும்படி இல்லை என்று முடிவு வரும்வரை அவர்கள் பட்ட கவலையை நான் மறக்கவில்லை.

காரணம் எளியது. ட்ரிட்டியம் வெளிவிடும் பீட்டா துகளின், அதாவது வேகமாகப் பாயும் எலக்ட்ரானின், ஆற்றல் அதிகபட்சம் 18.6 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட், சராசரி 5.7 ஆயிரம்தான். காற்றில் அது ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. கைகர் குழாயின் முகப்பில் இருக்கும் மைக்கா தகடு, சதுர சென்டிமீட்டருக்கு 1.5 முதல் 2 மில்லிகிராம் எடையுள்ள மிக மெல்லிய தகடுதான். விரல் நகம் பட்டாலே போய்விடும். ஒரு முறை மாணவர் ஒருவர் தூசி துடைக்கிறேன் என்று பஞ்சால் லேசாகத் தொட்ட உடனே "டப்" என்று அது உள்ளே விழுந்ததையும், அந்தக் குழாய் அதோடு முடிந்ததையும் என் கண்ணால் பார்த்தேன். அத்தனை மெல்லிய தகடுகூட ட்ரிட்டியத்தின் பீட்டாவுக்குக் கடக்க முடியாத சுவர். கார்பன்-14இன் பீட்டா 156 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் உடையது. அதில் ஒரு பகுதி தகட்டைக் கடந்துவிடும். பாஸ்பரஸ்-32இன் பீட்டா 17 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வரை போகும். அதற்கு மைக்கா ஒரு தடையே இல்லை. ஆகவே ஒரே கருவி ஓர் ஐசோடோப்பை நன்றாகவும், இன்னொன்றை அரைகுறையாகவும் பார்க்கும். மூன்றாவதை அறவே பார்க்காது. ட்ரிட்டியத்துக்குத் துடைப்புச் சோதனைதான் வழி. நீங்கள் அதைச் செய்தது சரி.

ஆனால் இதிலிருந்து, வாயு நிரப்பிய கருவிகள் ட்ரிட்டியத்துக்கு உதவாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தடுத்தது தகடு. தகட்டை எடுத்துவிட்டு மாதிரியை வாயுவுக்குள்ளேயே வைத்தால், நிலைமை தலைகீழாக மாறுகிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை அங்கேதான் தொடங்குகிறது.

வாயுவுக்குள் புகும் பீட்டா துகள் வழியில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துக்கொண்டே போகும். ஆர்கான் வாயுவில் ஓர் அயனி இணையை (விடுபட்ட எலக்ட்ரானும் மீந்த நேர் அயனியும்) உண்டாக்கச் சராசரியாக 26 எலக்ட்ரான் வோல்ட் செலவாகிறது. ட்ரிட்டியத்தின் சராசரி பீட்டா ஒன்று தன் ஆற்றல் முழுவதையும் வாயுவில் இழந்தால், ஏறத்தாழ 220 எலக்ட்ரான்கள் விடுபடும். இது மிகச் சிறிய மின்னூட்டம். எந்தச் சாதாரண மின்சுற்றும் தன் சொந்த இரைச்சலுக்கு நடுவே இதைக் கேட்காது. எனவே வாயுவே அதைப் பெருக்கித் தர வேண்டும். மெல்லிய கம்பி ஒன்றுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால், கம்பியை நெருங்க நெருங்க மின்புலம் கடுமையாகும். அங்கே வந்து சேரும் எலக்ட்ரான், ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையிலேயே இன்னோர் அணுவை அயனியாக்கும் அளவுக்கு ஆற்றல் பெற்றுவிடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கம்பியைத் தொடும்போது ஒவ்வொரு எலக்ட்ரானும் பத்தாயிரமாகப் பெருகியிருந்தால், 220 என்பது 22 லட்சமாகிவிடும். அதை அளப்பது கடினமன்று.

கம்பிக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்து இந்தக் கருவி மூன்று வேறு குணங்களை எடுக்கிறது. மின்னழுத்தம் குறைவாக இருந்தால் பெருக்கமே இல்லை. உண்டான எலக்ட்ரான்களை மட்டும் திரட்டித் தருகிறது. அதுதான் அயனிக்கலம். கொஞ்சம் கூட்டினால், பெருகி வரும் மின்னூட்டம் முதலில் உண்டான எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு விகிதசமமாக இருக்கும். அது விகிதசம எண்ணி. இன்னும் கூட்டினால் கைகர் நிலை. கீல் நகரில் 1928இல் ஹான்ஸ் கைகரும் அவருடைய மாணவர் வால்டர் முல்லரும் உருவாக்கிய குழாய் இந்த நிலையில் இயங்குவது. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டும் கைகரும் ஆல்பா துகள்களை ஒவ்வொன்றாக எண்ணியது வாயுப் பெருக்கத்தைக் கொண்டுதான்.

கைகர் நிலையில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், ஏன் அதனால் படம் எடுக்க முடியாது என்பதும் விளங்கிவிடும். பெருக்கம் நடக்கும்போது அணுக்கள் புற ஊதா ஒளியையும் வெளிவிடுகின்றன. அந்த ஒளி குழாயின் வேறோர் இடத்தில் பட்டு, அங்கே ஓர் எலக்ட்ரானை விடுவித்து, புதிய பெருக்கத்தைத் தொடங்கிவைக்கிறது, அதிலிருந்து இன்னொன்று. கண்ணிமைப்பதற்குள் கம்பியின் முழு நீளமும் பற்றிக்கொள்கிறது. சிவகாசிச் சரவெடியை எந்த இடத்தில் பற்றவைத்தாலும் முழுச் சரமும் வெடித்துத் தீரும். வெடித்த பிறகு எந்த இடத்தில் தீ வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. கைகர் குழாயும் அப்படித்தான். துகள் எங்கே நுழைந்தாலும், எவ்வளவு ஆற்றலோடு நுழைந்தாலும், ஒரே அளவு துடிப்பைத்தான் தரும். துடிப்பு பெரியதாக இருப்பதால் மின்சுற்று மலிவாக அமையும்; கையடக்கக் கருவியாகச் செய்யலாம். அதற்கு விலையாக, இடத்தையும் ஆற்றலையும் இழந்துவிடுகிறோம்.

வேகத்தையும் இழக்கிறோம். ஒரு துடிப்பு முடிந்து, மெதுவாக நகரும் நேர் அயனிகள் விலகிச் சென்று, மின்புலம் மீளும்வரை குழாய் செத்துக் கிடக்கும். இது பொதுவாக 100 மைக்ரோ வினாடி அளவில் இருக்கும். நொடிக்கு 3000 எண்ணிக்கை காட்டுகிறதென்றால், நொடியில் 0.3 பங்கு நேரம் குழாய் செயலற்று இருந்திருக்கிறது; உண்மை எண்ணிக்கை 3000ஐ 0.7ஆல் வகுத்தால் வரும் 4286. மிகக் கடுமையான கதிர்வீச்சுப் புலத்தில் பழைய குழாய்கள் சில, மீள நேரமே கிடைக்காமல் பூஜ்யத்தை நோக்கி இறங்கிவிடுவதும் உண்டு. கருவியை இயக்கிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும், கதவைத் திறந்த பிறகு இயக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதற்கு இதுவே காரணம். தூரத்திலேயே ஏறத் தொடங்கும் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டால், அருகில் போனதும் கருவி மௌனமாகிறபோது நாம் ஏமாற மாட்டோம்.

இனி விகிதசம நிலைக்கு வருகிறேன். இங்கே ஆர்கானோடு மீத்தேன் போன்ற வாயு ஒன்றைக் கலக்கிறோம். பி-10 என்று ஆய்வகங்களில் சொல்லும் சிலிண்டர், 90 பங்கு ஆர்கானும் 10 பங்கு மீத்தேனும் கொண்டது. மீத்தேன் மூலக்கூறு அந்தப் புற ஊதா ஒளியை விழுங்கிவிடுவதால், பெருக்கம் தொடங்கிய இடத்திலேயே அடங்கிவிடுகிறது. சரம் வெடிக்கவில்லை, ஒற்றை வெடி மட்டும் வெடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை வெடியானால் சத்தம் வந்த திசையைக் கண்டுபிடிக்கலாம். கதிரியக்கத்தை வாயுவில் படமாக்கும் கலை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது என்பேன்.

இடத்தைக் கண்டுபிடிக்க மிக எளிய வழி, கம்பியையே மின்தடை உள்ள பொருளால் செய்வது. கம்பியில் விழுந்த மின்னூட்டம் இரு முனைகளுக்கும் பிரிந்து ஓடும். பக்கத்து முனைக்கு அதிகமும் தூரத்து முனைக்குக் குறைவுமாகப் போகும். 20 சென்டிமீட்டர் கம்பியில் இடது முனைக்கு மூன்று பங்கும் வலது முனைக்கு ஒரு பங்கும் வந்தால், பெருக்கம் நடந்த இடம் இடது முனையிலிருந்து 5 சென்டிமீட்டரில். ஒரு கோட்டின் மேல் கதிரியக்கம் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்க்க இது போதும். கலவையைக் கூறுகளாகப் பிரிக்கும் மென்படல நிறப்பகுப்பியல் பட்டையை, அதாவது நாம் எல்லாரும் டிஎல்சி என்று சொல்வதை, இந்தக் கம்பிக்குக் கீழே வைத்தால், கீழிருந்து மேலாக எந்த உயரத்தில் எவ்வளவு கதிரியக்கம் என்பது சில நிமிடங்களில் வரைபடமாக வந்துவிடும்.

இரு திசைகளிலும் இடம் வேண்டுமானால், அங்கேதான் ஜார்ஜ் ஷார்பாக்கின் பெயர் வருகிறது. அன்றைய போலந்தில் பிறந்து, நாஜிகளின் டாக்கவ் முகாமில் உயிர் பிழைத்து, பிரான்சில் படித்து, ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றியவர் அவர். 1968இல் அவர் செய்தது கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும்: சுமார் 20 மைக்ரான் தடிப்புள்ள கம்பிகளை, ஒன்றுக்கொன்று 2 மில்லிமீட்டர் இடைவெளியில், ஒரே தளத்தில் வரிசையாக இழுத்துக் கட்டி, இருபுறமும் எதிர்மின்வாய்த் தளங்களை வைத்தார். இப்படி நெருக்கிக் கட்டினால் ஒரு கம்பியின் துடிப்பு பக்கத்துக் கம்பிகளையும் குழப்பிவிடும் என்றே அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் பெருக்கம் நடந்த கம்பி ஒரு குறியிலும், அண்டைக் கம்பிகள் எதிர்க்குறியிலும் துடிப்பதால், எந்தக் கம்பி என்பது தெளிவாகவே தெரிந்தது. மேலும், விலகிச் செல்லும் நேர் அயனிகள் எதிர்மின்வாயில் உள்ள பட்டைகளில் தூண்டும் மின்னூட்டத்தின் மையத்தைக் கணக்கிட்டால், கம்பியின் நீளவாக்கில் எந்த இடம் என்பதும் கிடைக்கிறது. துகள் இயற்பியலுக்காகப் பிறந்த இந்தப் பல்கம்பி விகிதசம அறைக்கு 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. ஷார்பாக் பிற்காலத்தில் பெரிதும் உழைத்தது இதை உயிரியலுக்கும் மருத்துவத்துக்கும் கொண்டுவருவதற்காகத்தான். அதை நான் அவருடைய முதல் கண்டுபிடிப்புக்குக் குறையாத பணியாகவே மதிக்கிறேன்.

அதன் பிறகு கம்பிகளும் போய்விட்டன. செர்னில் ஃபபியோ சவுலி 1997இல் அறிமுகப்படுத்திய ஜெம் என்னும் தகடு, 50 மைக்ரான் தடிப்புள்ள பிளாஸ்டிக் படலம். இருபுறமும் செம்பு பூசி, 70 மைக்ரான் விட்டமுள்ள துளைகளை 140 மைக்ரான் இடைவெளியில் நெருக்கமாக இட்டது. ஒவ்வொரு துளையும் தனித்தனிப் பெருக்கியாக வேலை செய்கிறது. அறுந்துபோகும் கம்பி என்ற தலைவலி இதில் இல்லை.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கருவியை நேரில் பார்க்க நீங்கள் ஜெனீவாவுக்குப் போக வேண்டியதில்லை. இந்திய நியூட்ரினோ திட்டத்துக்காக மதுரையில் அமைக்கப்பட்ட மினி-ஐகால் என்னும் 85 டன் மாதிரிக் கருவி 2018 முதல் இயங்கி வருகிறது. அதன் இரும்பு அடுக்குகளுக்கு நடுவே இருப்பவை வாயு நிரப்பிய கண்ணாடி அறைகள். இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் ஓடும் கலவையில் பெரும்பகுதி, குளிர்சாதனக் கருவிகளில் பயன்படும் ஆர்-134ஏ வாயு. கொடுக்கும் மின்னழுத்தம் 10,000 வோல்ட் அளவில். இங்கே பெருக்கம் பரவாமல் தடுக்கும் காவல், வாயுக் கலவையோடு கண்ணாடியின் மிக உயர்ந்த மின்தடையும் சேர்ந்தது. ஓரிடத்தில் மின்னூட்டம் பாய்ந்தால் அந்த இடத்தின் மின்புலம் மட்டும் சற்று நேரம் தளர்ந்துபோகும், மற்ற இடங்கள் விழித்தே இருக்கும். வெளியே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பட்டைகள் இடத்தைச் சொல்லும். அவர்கள் தேடுவது வானிலிருந்து வரும் மியூவான் என்னும் துகள்களை, நீங்கள் தேடுவது மூளைச் சீவலில் இருக்கும் ட்ரிட்டியத்தை. கருவியின் அடிப்படைத் தர்க்கம் ஒன்றுதான்.

இப்போது உங்கள் வேலைக்கு மிக நெருக்கமான ஒரு நுட்பம். வாயு திடப்பொருளைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அடர்த்தி குறைந்தது. ஆகவே பீட்டா துகள் அதில் நீண்ட தூரம் ஓடும். பாஸ்பரஸ்-32இன் பீட்டா காற்றில் பல மீட்டர் போகக்கூடியது. மாதிரியின் ஒரு புள்ளியிலிருந்து சாய்வாகப் புறப்பட்டால், தடம் முழுவதும் எலக்ட்ரான்களைச் சிதறவிட்டுப் போகும். அவற்றின் நடுப்புள்ளியை எடுத்தால் அது மாதிரியில் இருந்த இடத்திலிருந்து எவ்வளவோ தள்ளி விழும். படம் மங்கிப்போகும். இதற்குக் கிடைத்த தீர்வு மிக அழகானது. கம்பிக்குப் பதில் இரண்டு இணைத் தகடுகளை வைத்து, மாதிரியை ஒரு தகட்டின்மேல் ஒட்டினாற்போல் வைத்தால், பெருக்கம் இடைவெளி முழுவதும் நடக்கும். ஒவ்வொரு அரை மில்லிமீட்டருக்கும் எலக்ட்ரான்கள் பத்து மடங்காகின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதிரியின் மேற்பரப்பிலேயே விடுபட்ட எலக்ட்ரான் முழுத் தூரமும் பயணம் செய்து பெருகும். அரை மில்லிமீட்டர் தள்ளி விடுபட்டது அதில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி விடுபட்டது நூற்றில் ஒரு பங்கு. ஆகவே இறுதியில் கேட்கும் குரல் துகள் புறப்பட்ட இடத்தின் குரலாகவே இருக்கிறது. அது சாய்ந்து ஓடிய தடம் தானாகவே அமுங்கிவிடுகிறது. பெருக்கத்தின்போது எழும் ஒளியைக் கேமராவால் பிடித்தோ, மின்னூட்டத்தைப் பட்டைகளில் எடுத்தோ, துகள் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகப் பதிவு செய்கிறார்கள்.

ட்ரிட்டியத்துக்கு இந்தத் தொல்லை இன்னும் குறைவு. அதன் பீட்டா வாயுவில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். கைகர் குழாயில் அதைத் தோற்கடித்த பலவீனம் இங்கே அதன் பலமாகிறது. அதேபோல வாயு காமா கதிர்களைப் பெரும்பாலும் பிடிக்காமல் விட்டுவிடுவதும் இங்கே ஒரு நன்மை. கட்டடத்தின் கிரானைட் தரையிலுள்ள பொட்டாசியத்திலிருந்தும் தோரியத்திலிருந்தும் வரும் காமா, வாயுவை அசைக்காமல் கடந்துவிடுகிறது. எனவே பின்புல எண்ணிக்கை குறைவாக இருக்கிறது. மங்கலான கதிரியக்கமும் தெரிகிறது. எக்ஸ்ரே பிலிமில் ட்ரிட்டியச் சீவலை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு, சில மணி நேரத்தில் படம் உருவாவதைத் திரையில் பார்ப்பது எத்தகைய மாற்றம் என்பது தெரியும்.

பிலிமுக்கு ஒரு மரியாதை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கீழமாசி வீதிக் கடை ஒன்றில் வாங்கிய பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் ஒன்றை, கறுப்புத் தாளில் சுற்றிய எக்ஸ்ரே பிலிமின் மேல் விரித்துச் சில நாட்கள் இருட்டில் வைத்தோம். மேண்டிலில் தோரியம் இருந்தது. பிலிமைக் கழுவியபோது, அந்தத் துணியின் வலைக்கண்கள் சாம்பல் நிறத்தில் எழுந்து நின்றதைக் கண்ட மாணவர்கள் சற்று நேரம் பேசவே இல்லை. கதிரியக்கம் ஓர் இடத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு வடிவம் இருக்கிறது என்று அவர்கள் அன்றுதான் உணர்ந்தார்கள். ஆனால் பிலிமின் கருமை கதிரியக்கத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. ஓர் அளவுக்கு மேல் தேங்கிவிடும். வாயுக் கருவி ஒவ்வொரு துகளையும் எண்ணுவதால், இரண்டு மடங்கு கதிரியக்கம் இரண்டு மடங்கு எண்ணிக்கையாகவே வரும்.

என் கருத்தைக் கேட்டால், பாஸ்பரஸ்-32 ஏற்றிய ஜெல்லுக்காக யாரும் வாயுக் கருவி தேடி அலைய வேண்டாம். கதிர் பட்ட இடத்தைச் சேமித்துவைத்து, பிறகு லேசர் பட்டால் ஒளிரும் சேமிப்பு ஒளிர்தகடு அந்த வேலையைத் திருப்தியாகச் செய்யும், நுண்மையும் அதில் அதிகம். ட்ரிட்டியத்துக்கு நிலைமை வேறு. ஒளிர்தகட்டின் மேலுள்ள பாதுகாப்புப் பூச்சே ட்ரிட்டியத்தை நிறுத்திவிடுவதால் பூச்சில்லாத தனித் தகடு வேண்டும். அதுவும் எளிதில் கறைபட்டு, மறுமுறை பயன்படாமல் போகும். உங்களுக்கு வாயுக் கருவி கிடைக்கும் வாய்ப்பிருந்தால் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது கேள்வி மருத்துவமனையைப் பற்றியது. அங்கே நோயாளியின் உடலுக்குள்ளிருந்து வெளியே வருவது காமா கதிர். பீட்டா உடலுக்குள்ளேயே நின்றுவிடும். வாயு காமாவைப் பிடிக்காது என்று மேலே நன்மையாகச் சொன்னது இங்கே பெரும் குறையாகிறது. அணு மருத்துவத்தில் பெரிதும் பயன்படும் டெக்னீசியம்-99எம் வெளிவிடும் 140 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் காமாக்கள், சாதாரண அழுத்தத்தில் உள்ள 5 சென்டிமீட்டர் ஆர்கானைக் கடந்தால், ஆயிரத்தில் ஒன்றுதான் அதில் சிக்கும். ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிப்பில்லாத சோடியம் அயோடைடு படிகம் அதே காமாக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தைப் பிடித்துவிடும். நோயாளிக்குக் கொடுக்கும் கதிரியக்கத்தை ஆயிரம் மடங்கு கூட்ட முடியாது. ஆகவே படிகமே வென்றது, அது நியாயமும்கூட.

ஆனாலும் முயன்றவர்கள் உண்டு. செனான் வாயுவைப் பல வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த பல்கம்பிக் கேமரா ஒன்றை 1980களில் அமெரிக்காவில் உருவாக்கி, 60 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் அளவில் கதிர் தரும் டான்டலம்-178 என்னும் ஐசோடோப்பைக் கொண்டு இதயத்தைப் படமெடுத்தார்கள். அதன் அரைவாழ்வு 9 நிமிடத்துக்குச் சற்று அதிகம். நோயாளிக்குச் சேரும் கதிரளவு மிகக் குறைவு. ஜெனீவாவில் ஆலன் ஜெவன்ஸ், துளைகள் நிறைந்த ஈயத் தகட்டைக் காமாவை எலக்ட்ரானாக மாற்றும் பொருளாக வைத்து, வாயு அறைகளாலேயே பாசிட்ரான் படக்கருவி (பெட் ஸ்கேன் கருவி) செய்தார். சிறு விலங்குகளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நுண்மையில் அது படமெடுத்தது. படிகக் கருவிகள் வேகமாக முன்னேறியதால் இவை பரவவில்லை. சிடி ஸ்கேன் கருவிகளில் உயர் அழுத்தச் செனான் நிரப்பிய அயனிக்கல வரிசைகள் பல ஆண்டுகள் கோலோச்சின. முதுகெலும்பு வளைந்த குழந்தைகளுக்கு அடிக்கடி எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருப்பதால், கதிரளவைக் குறைக்கும் பொருட்டு ஷார்பாக்கின் கண்டுபிடிப்பிலிருந்து கிளைத்த இஓஎஸ் என்னும் கருவி இன்றும் எலும்பு மருத்துவத்தில் பயன்படுகிறது.

படம் எடுக்காவிட்டாலும், அணு மருத்துவப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு வாயுக் கருவி தினமும் வேலை செய்கிறது. ஊசி போடும் முன், மருந்து நிரம்பிய சிரிஞ்சைக் கிணறு போன்ற ஒரு குழிக்குள் இறக்கி, "இத்தனை மில்லிகியூரி" என்று படிக்கிறார்களே, அது அழுத்தத்தில் அடைத்த ஆர்கான் உள்ள அயனிக்கலம். கதிரியக்கம் மிக அதிகமாக இருக்கும் அந்த இடத்தில் துடிப்புகளை எண்ணும் எந்தக் கருவியும் திணறிவிடும். அயனிக்கலம் மின்னோட்டமாக அளப்பதால் திணறாது. டெக்னீசியம் மருந்து சரியாகக் கூடியிருக்கிறதா என்று பார்க்கவும் மேலே சொன்ன டிஎல்சி பட்டைதான் துணை. எலும்பு ஸ்கேனுக்கான மருந்தில் ஒட்டாமல் தனியே நிற்கும் டெக்னீசியம், அதாவது பெர்டெக்னெடேட், அசிட்டோனில் பட்டையின் உச்சிக்கு ஏறிவிடும். ஒட்டியது அடியிலேயே நிற்கும். உச்சியில் மேடு பெரியதாகத் தெரிந்தால் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தைராய்டும் இரைப்பையும் ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும்.

திறந்த அயனிக்கலங்களைப் பற்றி நம் ஊருக்கே உரிய ஒரு குறிப்பு. கதிர்ச் சிகிச்சைக் கருவிகளைச் சரிபார்க்கும் சிறு கலங்கள் வெளிக்காற்றோடு தொடர்புள்ளவை. உள்ளே இருக்கும் காற்றின் நிறை, வெப்பத்தையும் வளியழுத்தத்தையும் பொறுத்து மாறும். 20 டிகிரிக்கு அளவீடு செய்த கலத்தை, கத்திரி வெயிலில் குளிர்சாதனம் நின்றுபோன அறையில் 35 டிகிரியில் வைத்துப் படித்தால், திருத்தாத அளவு ஏறத்தாழ 5 சதவீதம் குறைவாக வரும். அதே கலத்தை 2100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால், அழுத்தம் குறைவதாலேயே ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்துவிடும். திருத்தக் காரணி ஒரு வரிக் கணக்குத்தான். ஆனால் கலம் அறையின் வெப்பத்துக்கு வந்து சேரும்வரை பொறுத்திருக்காமல் கணக்குப் போட்டால் அந்தக் கணக்கும் பயன் தராது.

இனி உங்கள் சீவல்களுக்கு. மாதிரியை வாயுவுக்குள் வைக்கப்போவதால் அது முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமோ கரைப்பானின் ஆவியோ வாயுவில் கலந்தால் பெருக்கம் தடுமாறும். கருவியில் வாயு பாயத் தொடங்கியதும் உடனே படம் எடுக்காதீர்கள். உள்ளே எஞ்சியிருக்கும் காற்றின் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைக் கவ்விக்கொள்ளும், எண்ணிக்கை குறைந்து காட்டும். வெளியேறும் குழாயை எண்ணெய்க் குப்பியில் விட்டு, குமிழி சீராக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குமிழி விட்டுவிட்டு வந்தால் எங்கோ கசிவு.

இதைவிட முக்கியமான ஒன்று, ட்ரிட்டியத்தின் பீட்டா திசுவில் அதிகபட்சம் 6 மைக்ரான்தான் கடக்கும் என்பது. உங்கள் சீவல் 20 மைக்ரானாக இருந்தாலும் கருவி பார்ப்பது மேல் தோலை மட்டுமே. அத்துடன் மூளையின் வெண்பகுதியில் கொழுப்பு அதிகம். அது ட்ரிட்டியத்தின் பீட்டாவைச் சாம்பல் பகுதியைவிட அதிகமாக விழுங்கும். ஆகவே வெண்பகுதி மங்கித் தெரிவதை, மருந்து அங்கே ஒட்டவில்லை என்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்த அளவு ட்ரிட்டியம் கலந்த மூளைக் கூழைச் சீவலாக்கி, உங்கள் சீவல்களோடு ஒரே தட்டில் வைத்துப் படமெடுங்கள். ஒப்பிட அதுவே உரைகல். பின்னாளில் கார்பன்-14 ஏற்றிய இன்னொரு பொருளையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் இருந்தால், முதலில் அப்படியே ஒரு படம், பிறகு மைலார் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே விரித்து இன்னொரு படம் எடுங்கள். தாள் ட்ரிட்டியத்தை முழுவதும் நிறுத்திவிடும். இரண்டாவது படம் கார்பன்-14இனுடையது மட்டும். தாளில் சிறிது தடைபடும் கார்பன்-14க்கும் ஈடு கட்டிக்கொண்டு முதல் படத்திலிருந்து அதைக் கழித்தால் ட்ரிட்டியம் தனியே எஞ்சும்.